கரண்டி பிடித்த சிப்பாய்க்கு ஒரு நாற்காலி

காரைக்குடியில் ரயிலை விட்டு இறங்கியதும் என் வெள்ளைக் கால்சட்டை சிவப்பாகிவிட்டது. பினாங்கில் மண்ணைப் பார்க்க வேண்டுமானால் புல்லை விலக்கித்தான் பார்க்க வேண்டும். இங்கே மண்ணே எழுந்து வந்து நம்மைப் பார்க்கிறது. ஐப்பசி மாதம். வானம் மூட்டமாக இருந்தது. ஆனால் இன்னும் பெய்யவில்லை.

நான் பினாங்கில் பள்ளி ஆசிரியன். பிறந்ததும் அங்கேதான். ஜெர்மன் சண்டைக் காலத்தில் பஸ்ராவில் ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். என்னைப் போல மெசபொடேமியா போய் வந்த தமிழர்கள் சிலர் சேர்ந்து பினாங்கில் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். சண்டையில் செய்ததற்குச் சர்க்கார் பதக்கம் கொடுத்துவிட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு ஊருக்குப் பயன்பட வாழ்ந்து பெயர் எடுத்தவனுக்கு யார் கொடுப்பது? அதற்காகத்தான் ஆண்டுதோறும் ஒருவரை அழைத்து, மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தங்கப் பதக்கம் போடுகிறோம். இதுவரை எல்லோரும் மலேயாக்காரர்கள். இந்த முறைதான் கடல் தாண்டி ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தோம். கண்டனூர் வேலுச்சாமி. பதக்கம் என் பெட்டியில் சால்வைக்கு நடுவே இருந்தது.

ஜட்கா வண்டிக்காரரிடம் லெட்சுமணன் செட்டியார் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

"பினாங்குக் கடைச் செட்டியார் வீடுதான? ஏறுங்கய்யா. சாமானை இங்குட்டு வைங்க. என்ன சோலியா வந்திருக்கீக?"

சொன்னேன். வேலுச்சாமி என்ற பெயரைக் கேட்டதும் அவர் குதிரையை நிறுத்தியேவிட்டார்.

"யாரு, மீசைக்காரரா? அவுகளுக்கா மெடலு? போடுங்கய்யா, நல்லாப் போடுங்க! அவுக சமைக்கிற கல்யாணத்துலதான் நாங்களும் இலை போட்டுச் சாப்பிடுறோம்."

அப்புறம் விவரம் சொன்னார். செட்டிநாட்டில் பெரிய கல்யாணம் என்றால் வேலுச்சாமிதான் தலைச் சமையல்காரர். அவருக்கு ஒரே ஒரு கட்டுத்திட்டம். வீட்டுக்குள் முதல் பந்தி உட்காரும்போதே வெளியே இன்னொரு பந்தி உட்கார வேண்டும். வண்டிக்காரர், கூலியாள், உள்ளே வரக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள், யாராக இருந்தாலும் அந்தப் பந்தியில் இடம் உண்டு. மிச்சம் மீதி போடக் கூடாது. உள்ளே போகும் அதே அண்டாவிலிருந்துதான் வெளியேயும் போக வேண்டும். இதற்குச் சம்மதித்தால்தான் வெற்றிலை பாக்கை எடுப்பார்.

எங்கள் சங்கத்துக்கு இது தெரியும். தெரிந்துதான் அவரைத் தேர்ந்தெடுத்தோம். இருந்தாலும் சாப்பிட்டவர் வாயாலேயே கேட்டபோது நான் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

செட்டியார் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பர்மாத் தேக்குத் தூண்களைக் கட்டிப் பிடிக்க எனக்குக் கை போதவில்லை. குளித்து வந்ததும் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வைத்தார்கள். பணியாரம் மல்லிகைப் பூப்போல இருந்தது. துவையல் வேறு சங்கதி. பினாங்கில் நாங்களும் காரம் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் எங்கள் காரத்தில் கொஞ்சம் புளி, கொஞ்சம் தேங்காய்ப் பால் என்று சமாதானம் பேச ஆள் இருக்கும். இங்கே மிளகாய் தனியாகவே வந்து பேசுகிறது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவது பணியாரத்தை எடுத்தேன்.

செட்டியார் நல்ல மனிதர். விழாவுக்குத் தன் வீட்டுக் கூடத்தையே கொடுத்திருந்தார். தலைமை வகிக்கத் தாசில்தார், ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் அழைப்பு என்று ஏற்பாடுகளை அடுக்கிவிட்டு, "சுபேதார் எப்ப வாராரு?" என்று கேட்டார்.

"சுபேதார் இல்லை. சிப்பாய். கண்டனூரில் சமையல் செய்கிறாரே, வேலுச்சாமி."

செட்டியார் முகம் மாறிவிட்டது. "நம்ம வேலுச்சாமியா? பட்டாளத்துல இருந்தவன்னு சொல்லுவாக. பெரிய உத்தியோகத்துல இருக்க வேற யாரோன்னுல்ல நான் நெனச்சேன். என் மக கல்யாணத்துக்கு ஆக்குனதே அவன்தான்."

"ரொம்ப நல்லதாயிற்று."

"அதுக்கில்ல. அவன் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டவுகதான் அத்தனை பேரும் வரப் போறாக. அவனை மேடையில நாற்காலி போட்டு ஒக்கார வச்சா அவுக எதிர்ல எப்படி ஒக்காருவாக? மெடலைக் குடுத்துருவோம். வேணாங்கல. நிக்க வச்சுக் குடுப்போம். வேற என்னங்கிறேன்?"

நாற்காலி இல்லாமல் எங்கள் சங்கம் யாருக்கும் பதக்கம் போட்டதில்லை என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிச் செட்டியார் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கண்டனூருக்குப் பஸ் ஏறினேன். பினாங்கில் டிராம் வண்டி, மணி அடித்தால் நிற்கும், மணி அடித்தால் போகும். இந்தப் பஸ்ஸுக்கு அந்த மாதிரி ஒழுங்கெல்லாம் இல்லை. கோட்டையூர் வந்ததும் யாரும் கேட்காமலே நின்றது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்து, ஆவியில் முகத்தைச் சுட்டுக்கொண்டு, "ஆம்பளையாளுக எறங்குங்க" என்றார். நாங்கள் தள்ளினோம். பெண்கள் உள்ளே உட்கார்ந்தபடியே எங்களுக்கு யோசனை சொன்னார்கள்.

"அந்தத் தொப்பிக்காரர் கை வைக்கிறாரே ஒழிய தள்ளலடி" என்று ஒரு குரல் கேட்டது. தொப்பி போட்டிருந்தது நான் ஒருவன்தான். அடுத்த தள்ளலில் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏறினேன். குறை சொன்ன அம்மாள் மடியிலிருந்து ஒரு கை சீடைக்காய் எடுத்துக் கொடுத்தார். "தின்னுங்க. வேர்த்துப் போச்சுல்ல."

கண்டனூரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கல்யாணம், திருவிழா என்றால்தான் திறப்பார்களாம். உமையாள் ஆச்சியின் வீடு மட்டும் திறந்து, வாழை கட்டி, தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. அவர் மகளுக்கு மறுநாள் கல்யாணம். பின்புறம் தென்னங்கீற்று வேய்ந்த பெரிய ஆக்குப்புரை. சமைப்பதற்கென்றே போட்ட அந்தக் கொட்டகையில், நீளமாக மண் வெட்டிப் போட்ட கோட்டை அடுப்பு மேல் அண்டாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதன் நடுவில் ஒரு நெடிய மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, மேலே துண்டு, காதைத் தொடும் மீசை. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஏதோ தவறு செய்த ஓர் ஆளைப் பார்த்து இந்துஸ்தானியில் அதட்டினார். தமிழில் சொன்னால், "வரிசையைக் குலைக்காதே, கழுதை மகனே" என்று வரும். எனக்குப் பஸ்ராவே திரும்பி வந்த மாதிரி இருந்தது. நானும் இந்துஸ்தானியில் வணக்கம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, குதிகாலைச் சேர்த்து, கரண்டியோடு சல்யூட் அடித்தார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அடக்கமாக மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் மீசையைத் தடவினார்.

"தங்கமா, முலாமா?"

"தங்கம்."

"சரியான ஆளைத்தான் புடிச்சிருக்கீக. எனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீக? இந்தச் சீமையில என்னை மாதிரி ஆக்குறவன் எவன் இருக்கான்?"

எனக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று. ஓர் இலையில் சுடச்சுடக் கந்தரப்பம் வைத்துக் கொடுத்தார். நான் சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், சண்டைக்கு அப்புறம் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் பாலம் போடுற பட்டாளம். ஆத்தங்கரையில ஒரு ஊருக்குள்ள எங்களைத் துருக்கிக்காரன் வளைச்சுட்டான். வெளிய போக முடியல, உள்ள சோறு வரல. குதிரையைத் தின்னோம், கோவேறு கழுதையைத் தின்னோம். அப்புறம் புல்லைப் புடுங்கி அவிச்சோம். குண்டு பட்டுச் செத்தவனை எனக்கு ஞாபகம் இல்லீங்க. பசிச்சுச் செத்தவன் ஒவ்வொருத்தன் மூஞ்சியும் ஞாபகம் இருக்கு. கடைசியில சரணடைஞ்சு, கைதியாப் பாலைவனத்துல நடந்தப்ப, கிடைச்ச வாற்கோதுமையை நான்தான் கஞ்சியாக் காச்சி ஊத்துவேன். அதுல படிச்சதுதான் இந்தத் தொழிலு."

விடுதலையாகி ஊருக்கு வந்ததும் கல்யாண வீடுகளில் தண்ணீர் இறைக்கும் வேலை கிடைத்தது. கரண்டி கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. தலைச் சமையல்காரராக நின்ற முதல் கல்யாணத்தில், எச்சில் இலைக்காகச் சுவருக்கு வெளியே ஆட்கள் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர்களுக்கும் இலை போட்டால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். உள்ளே மாப்பிள்ளை வீட்டார் இலையில் உட்கார்ந்தாயிற்று. வேறு வழியில்லை. போட்டார்கள்.

"அடிக்க வந்தாக. அண்டாவுல எண்ணெய் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல எவன் வருவான்?" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதே நாற்காலி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மறைத்து அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. சிரிப்பு நின்றது. குனிந்து அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"வெள்ளைக்காரன் மெடலு குடுத்தப்ப நின்னுக்கிட்டுத்தான் வாங்குனேன். அது பட்டாளம். நம்ம ஊர்ல வாங்குனா ஒக்காந்துதான் வாங்குவேன். நாற்காலி இல்லைன்னா நீங்க அதைப் பினாங்குக்கே எடுத்துட்டுப் போயிருங்க சார். எனக்கு வருத்தமில்ல."

வருத்தம் இருந்தது. எழுந்து போகும்போது சல்யூட் அடிக்கவில்லை.

இருட்டுவதற்குள் காரைக்குடி திரும்பலாம் என்று பார்த்தால் பஸ் வரவில்லை. உமையாள் ஆச்சி மாடியில் ஓர் அறையைக் கொடுத்தார். காலையில் என்னை எழுப்பியது மழை. சாதாரண மழை இல்லை, வானம் அப்படியே கீழே இறங்கியது. நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே பின்புறத்தில் மடமடவென்று ஏதோ முறிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆக்குப்புரையில் ஒரு பக்கத்து மூங்கில்கள் சாய்ந்து, நனைந்த கீற்று அடுப்பின் மேலேயே விழுந்திருந்தது. புகையும் ஆவியும் கிளம்பிக்கொண்டிருந்தன. நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். தாலி கட்டியதும் பந்தி. சோறு இன்னும் உலையில் இருந்தது.

வேலுச்சாமி மழையில் நின்றுகொண்டு வீட்டின் இரண்டாம் கட்டைப் பார்த்தார். வழவழப்பான கல் பாவிய முற்றம். சுற்றிலும் தாழ்வாரம். முட்டை வெள்ளை கலந்து பூசிய சுவர்கள் கண்ணாடிபோல மின்னின.

"ஆச்சி! அடுப்பை உள்ள கொண்டாரணும். செவரெல்லாம் கறுத்துப் போகும். சரின்னா சொல்லுங்க, நிமிசத்துல மாத்துறேன்."

பட்டுப் புடவையில் வந்து நின்ற ஆச்சி ஒரு கணம்தான் சுவரைப் பார்த்தார். "செவரு கறுத்தாக் கறுக்கட்டும் வேலுச்சாமி. வந்தவுக பசியோட போனா அது எனக்குக் கறுப்பில்லையா? கொண்டா."

அதற்குப் பிறகு நடந்ததை நான் பஸ்ராவில்கூடப் பார்த்ததில்லை. மதில் கட்ட அடுக்கி வைத்திருந்த செங்கற்கள் கைமாறிக் கைமாறி உள்ளே வந்து அடுப்பாக எழுந்தன. கொதிக்கும் அண்டாவின் வளையங்களில் மூங்கிலைக் கோத்து, பக்கத்துக்கு இருவராகத் தூக்கி வந்தார்கள். வேலுச்சாமி இந்துஸ்தானியில் அடி எண்ணிச் சொல்ல, அந்தத் தாளத்துக்கு எல்லாக் கால்களும் ஒன்றாக நகர்ந்தன. ஒரு மூங்கிலில் ஆள் குறைந்தது. நான் தோள் கொடுத்தேன். என் எதிரே தோள் கொடுத்தவரைப் பார்த்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லெட்சுமணன் செட்டியார். ஆச்சிக்குப் பங்காளி முறை. விடியற்காலையிலேயே கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்.

"அண்ணே, குனியாதீக! கொழம்பு சாயுது!" என்று வேலுச்சாமி அவரை அதட்டினார். செட்டியார் நிமிர்ந்துகொண்டார்.

தாலி கட்டும்போது சாம்பார் தாளிக்கும் வாசனை மணவறைவரை வந்தது. பந்திக்கு இலை விரித்தார்கள். வேலுச்சாமி கரண்டியை எடுக்கவில்லை.

"வெளிப் பந்தி?"

மழையில் வெளியே எங்கே உட்கார வைப்பது? ஊர் முழுதும் வெள்ளக்காடு. வெளிப் பந்திக்கு வந்தவர்கள் தெருவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்கள். மழை விட்டதும் போடலாம் என்றார் ஒருவர். வேலுச்சாமி தலையை ஆட்டினார்.

"மழை விடும்போது விடட்டும். பசி இப்பத்தான இருக்கு? அந்தா இருக்குல்ல எடம்." அவர் கை காட்டியது வீட்டின் பக்கத்திலிருந்த மோட்டார்க் கொட்டகையை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. உள்ளே இரண்டு கார்கள் பளபளவென்று நின்றன. ஒன்று ஆச்சியுடையது. மற்றது செட்டியார் புதிதாக வாங்கியது.

ஆச்சி, "என் காரைத் தள்ளுங்க. தொடைச்சாக் காஞ்சிரும்" என்றார். எல்லோரும் செட்டியாரைப் பார்த்தார்கள். அவர் வேலுச்சாமியைப் பார்த்தார். பிறகு தானே மழையில் இறங்கிப் போய், கதவைத் திறந்து பிரேக்கைத் தளர்த்தி, தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார். இந்தத் தடவை என்னை யாரும் குறை சொல்ல முடியாது. நன்றாகவே தள்ளினேன்.

உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக இலை விழுந்தது. நான் மோட்டார்க் கொட்டகையில்தான் உட்கார்ந்தேன். கத்தரிக்காய் கோசமல்லி, மாங்காய்ப் பச்சடி, உக்காரை, எல்லாம் முறைப்படி வந்தன. பக்கத்தில் இருந்தவர் வாய் நிறையச் சோற்றோடு, "பினாங்குல இப்படிக் கிடைக்குமா சாமி?" என்று கேட்டார். கிடைக்காது என்று உண்மையைச் சொன்னேன்.

சாப்பிட்டு வெளியே வந்தபோது செட்டியார் ஈரச் சட்டையோடு என்னை ஓரமாக அழைத்தார். "சார், நாளைக்குச் சாயங்காலம் அவரு எங்க வீட்ல நாற்காலியில ஒக்காருவாரு. யாருக்குச் சங்கடமோ அவுக வர வேணாம்னு நானே சொல்லிடுறேன்." இரண்டு நாள் முன்பு 'அவன்' என்றவர்தான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விழாவுக்குச் சிலர் வரவில்லை. வந்தவர்களுக்கே கூடம் போதவில்லை. வேலுச்சாமி சலவை செய்த காக்கி உடுப்பில், பூட்ஸ் ஒலிக்க நடந்து வந்து, தாசில்தாருக்கும் செட்டியாருக்கும் நடுவில் போட்டிருந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். சால்வையைச் செட்டியார் போர்த்தினார். பட்டு நாடாவில் கோத்த பதக்கத்தை நான் கழுத்தில் போட்டுச் சரிசெய்தேன். என் விரல் அவர் மார்பில் பட்டபோது இதயம் தடதடவென்று அடிப்பது தெரிந்தது. முகத்தில் அதெல்லாம் ஒன்றும் காணோம்.

பேச எழுந்தார். "நான் நல்லா ஆக்குவேன். அது ஒங்களுக்கே தெரியும். சொல்ல வேண்டியதில்ல" என்றார். கூடம் சிரித்தது. "ஆனா பட்டாளத்துலேர்ந்து வந்து இந்தச் சீமையில பொழைக்கிறது நான் ஒருத்தன் மட்டுமில்ல. இங்க இருக்கவுக எந்திரிங்க. பேரைச் சொல்லுங்க. என்ன வேலை பாக்குறீகன்னு சொல்லுங்க."

கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தூண் ஓரமாக ஒருவர் எழுந்தார். தினமும் எல்லோருக்கும் கடிதம் கொடுக்கும் தபால்காரர். "ராக்கப்பன். ஆப்பிரிக்காப் பக்கம் போயிருந்தேன்." பின்னால் இன்னொருவர், பிள்ளையார்பட்டியில் யாத்ரிகர்களுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்காரர், ஒரு தறிக்காரர். "இத்தனை வருசம் பக்கத்து வீடு, ஒரு வார்த்தை சொல்லலியேப்பா" என்று யாரோ சொல்வது கேட்டது. வேலுச்சாமி கடைசியில் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க மட்டும் ஏன் ஒக்காந்திருக்கீக?" குமாஸ்தாவும் கணக்கில் உண்டா என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. எழுந்து என் பெயரைச் சொன்னேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள் விடைபெற்றுக்கொள்ளக் கண்டனூரில் அவர் வீட்டுக்குப் போனேன். பஸ் வழியில் எங்கும் நிற்காதது ஆச்சரியம். அவர் இல்லை. அடுத்த கல்யாணத்துக்கு விறகு பார்க்கப் போய்விட்டாராம். முற்றத்தில் அவர் மனைவி மீனாட்சி மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தார். உயரமான அம்மாள். நிமிர்ந்து பார்த்தபோது திடுக்கிட்டேன். தாலிக்கயிற்றுக்கு மேலே, பட்டு நாடாவில், எங்கள் சங்கத்துப் பதக்கம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"என்ன பாக்குறீக? அவுகதான் கழட்டிக் குடுத்தாக" என்றார். "அவுக கைதியா இருந்தப்ப உசுரோட இருக்காகளா இல்லையான்னு ஒரு சேதி கிடையாது. தாலியை எறக்கச் சொல்லி வீட்டுக்கு வீடு வந்து பேசுனாக. நான் எறக்கல. அப்ப, நான் போட்டுக்கிறதுல என்ன தப்புங்கிறீக?"

தப்பே இல்லை என்றேன். அவர் ஒரு பொட்டலம் நிறையக் கந்தரப்பம் கட்டிக் கொடுத்து, கப்பலில் கெட்டுப்போகாது என்று உறுதி சொல்லிவிட்டு, மறுபடியும் மிளகாயைக் கிளறக் குனிந்தார். பதக்கம் முன்னால் வந்து ஆடியது. அதை எடுத்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.